பறவைத் திருவிழாவும் புல்வெளி விவசாயியும்

(உழவர் பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரை)



பறவைகளைப் பார்ப்பதற்கென்று ஒரு திருவிழா என்றால் உங்களில் பலருக்குச் சிரிப்பு வரும். கதிரில் கிளி, கடலைக் காட்டில் மயில் என்று தகரம் தட்டி விரட்டிக் கொண்டிருப்பவர்கள் நாம். அந்தப் பறவையைக் காணப் பணம் கட்டி வெளியூரிலிருந்து வருவார்கள் என்பது வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆயினும் அமெரிக்க நாட்டில், கலிபோர்னியா மாநிலத்தின் வடகோடியில், ஆர்கேட்டா என்னும் சிற்றூரில் 1996ஆம் ஆண்டு அப்படி ஒரு விழா தொடங்கப்பட்டது. அதைச் சுற்றி விவசாயிக்கு ஒரு வழக்கும் உண்டு. அதனால்தான் இன்று அதைப் பேச எடுத்துக்கொண்டேன்.

மேற்கே கடல். கிழக்கே மலை. மலைச்சரிவில் உலகிலேயே மிக உயரமாக வளரும் ரெட்வுட் மரங்கள். இரண்டுக்கும் இடையே ஹம்போல்ட் விரிகுடாவை ஒட்டிக் குறுகலான சமவெளி. மாரிக்காலத்தில் நல்ல மழை, கோடையில் கடல்மூடுபனி. எனவே அங்கே புல்தான் பயிர், பால்தான் வருமானம். அவர்களுடைய வசந்த காலமாகிய ஏப்ரல் மாதத்தில் விழா நடைபெறும். விடியற்காலையில் வழிகாட்டியுடன் கடற்கரைச் சேற்று நிலத்துக்கும் காட்டுக்கும் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். விழாவுக்குப் பெயர் தந்த பறவைக்கு நீண்ட, சற்றே மேல்நோக்கி வளைந்த அலகு. ஈரச் சேற்றில் அதைச் செருகிப் புழுக்களைப் பிடிக்கும். நம் கோடியக்கரைக்குக் குளிர்காலத்தில் வரும் கருவால் மூக்கன் இதற்கு நெருங்கிய உறவு.

அந்த ஊரில் கட்டாயம் காட்டப்படும் இடம் ஒன்று உண்டு. ஊர்ச் சாக்கடை நீரைக் குட்டைகளில் தேக்கி, சம்பும் கோரையும் வளர்த்துத் தூய்மை செய்கிறார்கள். 1981இல் திறக்கப்பட்ட அந்தச் சதுப்பு நிலம் இன்று 307 ஏக்கர். பறவைகளுக்கும் அதுவே புகலிடம். கழிவுநீரை ஆற்றில் விடும் நம் பேரூராட்சிகள் இதைப் பார்த்தால் தேவலை. அது வேறு கதை.

வழக்குக்கு வருகிறேன். அலாஸ்காவுக்கு மேற்கே அலூஷியன் தீவுகள் என்று ஒரு தீவுத்தொடர் உண்டு. அங்கே தரையில் கூடு கட்டும் ஒரு காட்டு வாத்து இனம், கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்தைப் போல் புல் மேய்வது. தோலுக்காக அத்தீவுகளில் நரிகளைக் கொண்டுபோய் விட்டார்கள். நரிகள் முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்த்தன. இனமே அழிந்துவிட்டதாக எண்ணியிருந்தபோது, 1962இல் ராபர்ட் ஜோன்ஸ் என்ற வனவிலங்கு அலுவலர் புல்டிர் என்னும் தீவில் இவற்றைக் கண்டுபிடித்தார். படகு கரையேற அரிதான தீவு. ஆகவே நரி அங்கே போகவில்லை. பிறகு மற்றத் தீவுகளில் நரிகளை ஒழித்து, புல்டிர் வாத்துகளைக் கொண்டுபோய் விட்டார்கள். வேட்டைக்கும் தடை வந்தது. 1975இல் எண்ணியபோது 790 இருந்தன. 2001இல் அழியும் இனப் பட்டியலிலிருந்தே நீக்கும் அளவுக்குப் பெருகி, அதன் பின் ஒரு லட்சத்தையும் தாண்டிவிட்டன.

அறிவியலாருக்கு இது பெருமை. புல் வளர்ப்பவருக்கோ தொல்லை. பசுவைப் போல் நாரைச் செரிக்கும் வயிறு வாத்துக்கு இல்லை. எனவே புரதம் மிகுந்த இளந்துளிராகப் பார்த்து நாள் முழுவதும் மேயும். வடக்கே கடலைக் கடந்து பறக்கக் கொழுப்புச் சேர்க்க வேண்டிய பருவமும் வசந்தமே. சேமித்த வைக்கோலும் உலர்புல்லும் தீர்ந்து, மாட்டைப் பசும்புல்லுக்கு அவிழ்த்துவிடும் பருவமும் அதுவே. மாட்டுக்கு முன் வாத்து மேய்ந்துவிட்டால் விவசாயி தீவனத்தை விலைக்கு வாங்க வேண்டும். இன்னும் வடக்கே, கிரசென்ட் சிட்டி என்ற ஊரில் இவ்வாத்துகளின் பெயராலேயே பல ஆண்டுகள் விழா நடந்தது. கடலுக்குள் இருக்கும் பாறைத் தீவிலிருந்து ஆயிரக்கணக்கில் அவை கிளம்புவதைக் காண இருட்டிலேயே மக்கள் கரையில் நிற்பார்கள். கிளம்பிய வாத்துகள் இறங்கிய இடம் யாருடைய புல்வெளி என்று அவர்களில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

அங்கே செய்த ஏற்பாடு கவனிக்கத் தக்கது. தம் நிலத்தில் வாத்துகளை விரட்ட விவசாயிகளுக்கு வழி விடப்பட்டது. பருவ இறுதியில் தனியார் நிலத்தில் மட்டும் வேட்டையும் அனுமதிக்கப்பட்டது. அதே வேளையில் அரசுச் சரணாலய நிலங்களில் மாடுகளை மேயவிட்டு, புல்லைக் குட்டையாக, துளிராக வைத்தார்கள். புல் உயர்ந்து முற்றினால் வாத்து வராது என்பதால் இந்த வேலை. விரட்டுவதோடு போக்கிடமும் காட்டினால்தான் பறவை நகரும். இதனால் தொல்லை அடியோடு தீர்ந்ததாகச் சொல்ல மாட்டேன். ஓரிடத்தில் விரட்டியவை அடுத்த மாவட்டத்துப் புல்வெளியில் இறங்கியதும் உண்டு.

நம் நாட்டில் வேட்டைக்கு இடமில்லை. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி மயிலைக் கொல்வதும் விஷம் வைப்பதும் குற்றம். மேலும் எல்லாப் பறவையும் ஒன்றல்ல. வேடந்தாங்கல் நாரைகள் மீனைத் தின்று, எச்சத்தால் ஏரி நீரை உரமாக்குகின்றன. அதனாலேயே அவ்வூர் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக அவற்றைக் காத்து வருகிறார்கள். கதிர் தின்னும் பறவையைக் காக்கச் சொல்லும்போது அந்தக் கணக்கு செல்லாது. அங்கே இழப்பவர் ஒருவர், மகிழ்பவர் வேறொருவர்.

உங்கள் ஏரிக்கும் பறவை பார்க்க ஆட்கள் வரத் தொடங்கியிருந்தால், விழா என்று யாரும் அறிவிக்கும் முன்பே ஊர்க்கூட்டத்தில் சிலவற்றைப் பேசி முடித்துவிடுங்கள். வண்டி எங்கே நிற்பது, எந்த வரப்பில் நடக்கலாம், நாற்றங்காலில் கால் பட்டால் யார் பொறுப்பு, வசூலாகும் பணத்தில் ஏரிக்கரை நிலக்காரருக்குப் பங்கு என்ன என்பவை அவை. சேதம் ஏற்பட்டால் அன்றே ஒரு நோட்டில் தேதி, பயிர், அதன் வயது, எத்தனை சென்ட், எந்தப் பறவை என்று குறித்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனத்துறையினரிடமும் காட்டுங்கள். நிறையத் தின்றுவிட்டது என்று வாயால் சொன்னால் எந்த அலுவலகத்திலும் எடுபடாது; பதினைந்து சென்ட் கடலை, விதைத்த எட்டாம் நாள், மயில் என்று எழுதியிருந்தால் மறுநாளே வந்து பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.