குட்டிக்கரணம் போடும் பிள்ளைகளை அனுப்பிவையுங்கள்

(ஆசிரியர் பயிற்சி முகாமில் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எங்கள் பள்ளி வளாகத்தில் ஊரார் ஆதரவுடன் நடைபெறும் ஜிம்னாஸ்டிக்ஸ் மன்றத்தைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். பெரிய பதக்கப் பட்டியல் எதுவும் என்னிடம் இல்லை. ஆனாலும் மன்றம் ஆண்டுதோறும் வளர்ந்துவருகிறது. அது எப்படி என்பதையும், இனி என்ன வேண்டும் என்பதையும் சொல்கிறேன்.

தொடங்கியபோது இருந்தவை சில மெத்தைகளும் ஏழெட்டுப் பிள்ளைகளும்தான். போட்டியில் பயன்படும் சமநிலைக் கட்டை 5 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலம், 1.25 மீட்டர் உயரம் உடையது. அதை வாங்க வசதியில்லை. எனவே அதே நீள அகலத்தில் தரையில் சுண்ணாம்புப் பட்டை போட்டோம். கால் பிசகாமல் அதில் நடந்தவர்கள் தரையில் கிடத்திய மரக்கட்டைக்கு முன்னேறினார்கள். பிறகு முழங்கால் உயரப் பலகைக்கு.

முதல் மாதம் முழுவதும் விழுவதற்குத்தான் பயிற்சி. முகவாயை மார்போடு ஒட்டி, முதுகை வளைத்து உருண்டு எழ வேண்டும். குதித்து இறங்கும்போது முழங்காலை மடக்க வேண்டும். தடுமாறினால் கையை விறைப்பாக ஊன்றக் கூடாது. இதை நேரில் பார்த்த பெற்றோருக்கு அச்சம் குறைந்தது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் அவர்களே அழைத்துவந்தார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவும் முன்னாள் மாணவர்களும் கூடுதல் மெத்தைகளுக்கு உதவினார்கள்.

பிள்ளைகளுக்கு நான் அடிக்கடி சொல்வது, திரிபுரா மாநிலம் அகர்தலாவில் 1993-இல் பிறந்த தீபா கர்மாகரைப் பற்றி. அவருக்குத் தட்டைப் பாதம். ஓடிக் குதித்து இறங்கும் விளையாட்டுக்கு அது பெருந்தடை. ஆறு வயதில் பயிற்சியைத் தொடங்கிய அவர், பயிற்சியாளர் விஸ்வேஸ்வர் நந்தியின் வழிகாட்டுதலில் 2016 ரியோ ஒலிம்பிக்கில் வால்ட் பிரிவில் 15.066 புள்ளிகள் பெற்று நான்காம் இடம் பிடித்தார். வெண்கலம் 0.150 புள்ளியில் நழுவியது. ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் பங்கேற்ற முதல் இந்தியப் பெண் அவரே. அப்போது அவருக்கு வயது 23. ஆறு வயது முதல் அதுவரை அவரால் பயிற்சியைத் தொடர முடிந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

எங்கள் மன்றத்தில் தடைபடுவது அந்தத் தொடர்ச்சிதான். நான்காம் வகுப்பில் மாணவர்களும் மாணவிகளும் சரிபாதியாக இருப்பார்கள். ஒன்பதாம் வகுப்புக்குள் மாணவிகளில் பெரும்பாலோர் நின்றுவிடுகிறார்கள். திறமைக் குறைவு காரணமல்ல. உடை குறித்த கூச்சம், வேடிக்கை பார்ப்போரின் பேச்சு, இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டிய கட்டாயம் ஆகியவையே காரணம். கணுக்கால்வரை மூடிய உடையைச் சர்வதேச விதிகளே அனுமதிக்கின்றன. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனி வீராங்கனைகள் அதை அணிந்தே களமிறங்கினார்கள். இதைப் பெற்றோரிடம் எடுத்துச் சொன்னோம். மாணவிகளுக்கான பயிற்சியைக் காலை வேளைக்கு மாற்றி, ஆசிரியை ஒருவரை உடன் இருக்கச் செய்தோம். நின்றவர்களில் சிலர் திரும்பி வந்திருக்கிறார்கள்.

இனி வேண்டியவை இரண்டு. முதலாவது, மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க ஒரு கூரை. பக்கத்தில் உடை மாற்ற ஓர் அறை. இரண்டாவது, மூத்த மாணவிகள் முறையான பயிற்சி பெற்று இளையவர்களுக்குக் கற்றுத்தருவது. சொல்லிக்கொடுக்க ஓர் அக்கா இருந்தால் தங்கைகள் தயங்காமல் வருவார்கள்.

உங்களிடமும் சில வேண்டுகோள்கள். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களே, பெஞ்சைத் தாண்டிக் குதிக்கும் பிள்ளையைப் பற்றிப் பெற்றோரிடம் குறை சொல்லுமுன் ஒருமுறை எங்களிடம் அனுப்புங்கள். உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களே, ஒரு மாணவி பயிற்சியை நிறுத்தினால் காரணம் கேளுங்கள். அவள் வீட்டாரிடம் பேசுங்கள். உங்கள் சொல்லுக்கு அங்கே மதிப்பு உண்டு. தேர்வு நெருங்கும்போது உடற்கல்விப் பாடவேளையைக் கணக்குக்குக் கடன் கேட்காதீர்கள். அந்தக் கடன் திரும்பி வந்ததாக எனக்கு நினைவில்லை.

இன்று சுண்ணாம்புப் பட்டையில் நடக்கும் சிறுமிகளுள் ஒருத்தி நாளை இந்த மன்றத்தின் பயிற்சியாளராக வேண்டும். அதற்கு அவள் பத்தாம் வகுப்பிலும் எங்களோடு இருக்க வேண்டும். உதவுங்கள்.