கால் ஓடாத நாளில் சைக்கிள் பயணம்



பெங்களூரின் வடமேற்கே உள்ள பீன்யாத் தொழிற்பேட்டையில் நம்மவர் பலர் வாழ்கின்றனர். பட்டறையிலும் ஆடைத் தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் வாரமெல்லாம் உழைத்துவிட்டு, விடுமுறை நாளில் நெடுந்தூரம் சைக்கிளில் சென்று வருவோரும் நம்மிடையே உண்டு. துமகூருச் சாலையில் நெலமங்கலாவைக் கடந்து, தாபஸ்பேட்டையில் திரும்பினால் சிவகங்கை மலை. போக மட்டுமே ஏறக்குறைய 45 கிலோமீட்டர்.

ஆயினும் எல்லா ஞாயிறும் ஒன்றுபோல் விடிவதில்லை. சென்ற வாரம் எளிதாய் ஏறிய மேடு இந்த வாரம் மலையாய் நிற்கிறது. சைக்கிளில் பழுதில்லை; காற்றும் எதிர்க்கவில்லை; இருந்தும் கால் ஓடவில்லை. இதற்குக் காரணம் என்ன?

முதற்காரணம் பெரும்பாலும் மனக்களைப்பே. 2009-ஆம் ஆண்டில் சாமுவேலே மார்க்கோரா என்னும் அறிஞரும் அவர் தோழர்களும் 16 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினர். 90 நிமிடம் மூளைக்கு வேலை கொடுத்தபின் நிலைச் சைக்கிளை மிதித்தவர்கள், சராசரியாக 640 வினாடியில் ஓய்ந்தனர். மூளைக்கு ஓய்வு தந்த நாளிலோ அவர்களே 754 வினாடி மிதித்தனர். இதயமும் தசையும் இரு நாளிலும் ஏறக்குறைய ஒரேவிதமாகவே இயங்கின. உழைப்பு கடினமாய்த் தோன்றியதே வேற்றுமை. கோப்புகளோடும் கணக்குகளோடும் வாரம் முழுதும் மல்லாடும் நமக்கு இது நன்கு பொருந்தும். வலிமை போய்விடவில்லை, அது போய்விட்டதாக மனம் சொல்கிறது.

அந்த மனத்துக்கு மறுமொழி கூறவும் வழி உண்டு. 2014-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், தமக்குத் தாமே ஊக்கமொழி கூறப் பழகியவர்கள் முன்னினும் சுமார் 18 விழுக்காடு கூடுதலான நேரம் மிதித்தனர். தாய்மொழியில் ஒரு சிறு சொற்றொடரைத் தேர்ந்துகொள்வோம். "இன்னும் கொஞ்சந்தான்" என்பதே போதும்.

இரண்டாவது, வழியைக் கூறு போடுதல். 1891-இல் பந்தயமாகத் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பயணம், இன்று நான்காண்டுக்கு ஒருமுறை நடைபெறுகிறது. 1,200 கிலோமீட்டரை 90 மணி நேரத்தில் முடிக்கவேண்டும். இதற்குத் தகுதி பெற உதவும் 200 கிலோமீட்டர்ப் பயணங்கள் நம் நாட்டிலும் நடைபெறுகின்றன. அவற்றுக்கு 13½ மணி நேரம் தரப்படுகிறது. ஓய்வு உட்பட மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் சென்றாலே போதும். இடையிடையே சோதனைச் சாவடிகள் உண்டு. அடுத்த சாவடி எது என்பதே ஓட்டுபவரின் கேள்வியாக இருக்கும். நாமும் சிவகங்கையை மறந்து நெலமங்கலாவை மட்டும் எண்ணுவோம். பின்னர் தாபஸ்பேட்டையை எண்ணுவோம்.

மூன்றாவது, வயிறு. தசையிலும் ஈரலிலும் உள்ள மாவுச்சத்துச் சேமிப்பு, இரண்டொரு மணி நேரக் கடும் உழைப்பிலேயே பெரிதும் குறைந்துவிடும். அப்போது ஊக்கமும் உடன் போய்விடும். ஆகவே, பசிக்குமுன் உண்ணவேண்டும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்துத் தேவை. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் ஏறக்குறைய 25 கிராம் கிட்டும். கடலை மிட்டாயும் உப்பிட்ட மோரும் துணை செய்யும். வாழ்க்கையே வெறுத்துப்போனதாகத் தோன்றும் பல வேளைகளில் ஒரு பழமே அதற்கு மருந்தாகும்.

அப்படியானால் எந்த நாளிலும் திரும்பவே கூடாதா? அவ்வாறன்று. முதல் அரைமணி நேரம் மெதுவாக மிதித்துப் பார்ப்போம். உடல் சூடேறியதும் மந்தம் கலைந்தால் செல்வோம். ஆனால் காய்ச்சல், மார்வலி, தலைச்சுற்றல், கண்ணைச் செருகும் தூக்கம் இவற்றில் ஒன்று இருப்பினும் உடனே நிறுத்திவிட வேண்டும். துமகூருச் சாலை லாரிகள் விரையும் நெடுஞ்சாலை. அங்கே ஒரு நொடிக் கண்ணயர்வு உயிருக்கே உலை வைக்கும். மனம் சோர்ந்தால் அதனோடு பேசலாம். உடல் எச்சரித்தாலோ அது சொல்வதைக் கேட்கவேண்டும். இந்த வேறுபாட்டை அறிவதே நெடும்பயணத்தின் முதற்பாடம்.

1923-இல் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் சைக்கிளில் உலகைச் சுற்றப் புறப்பட்டனர். மூவர் இடையில் விலகினர். ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பூம்காரா ஆகிய மூவர் ஏறக்குறைய 71,000 கிலோமீட்டர் கடந்து 1928-இல் திரும்பினர். அத்தனை ஆண்டுகளில் அவர்களுக்கு எத்தனை சோர்வு நாள்கள் வாய்த்திருக்கும்! ஊரைவிட்டு வந்து உழைக்கும் நமக்கு, மெதுவாகச் செல்வது புதிய வித்தையன்று. அன்றைக்கு இயன்ற தூரம் சென்று, நலமாய் வீடு திரும்புவோம். அடுத்த ஞாயிறும் சாலை அங்கேயே இருக்கும்.