விலையில்லா விளையாட்டும் விலைமதிப்பில்லா உரிமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

இவர் எப்போது முடிப்பார், நாடகம் எப்போது தொடங்கும் என்று முன்வரிசையில் காத்திருக்கும் அன்புக் குழந்தைகளே!

இம்மேடையில் இலக்கியம் பேசுவதற்குத் தக்கவர்கள் பலர் உளர். நானோ பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு வந்தவன். தண்டவாளமே இல்லாத இத்தீவில் இரயில் முன்பதிவுச் சாளரத்தில் அமர்ந்து, சென்னையிலிருந்து புறப்படும் வண்டிகளுக்குப் பயணச்சீட்டு வழங்கும் எழுத்தன். கணினி விளையாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் நம் செயலாளர் புன்னகை புரிந்தார். நீங்களும் புன்னகைக்கலாம். ஆயினும் இதைப் பேசத் துணிந்ததற்குக் காரணம் ஒன்று உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்ற கோடை விடுமுறையில் ஊருக்குக் கப்பலேறுவதற்கென்று என் மனைவி சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து வைத்திருந்தாள். ஒரு நாள் மாலை கணக்கைப் பார்த்தால் நாலாயிரத்து இருநூறு ரூபாய் குறைந்திருந்தது. கைப்பேசியில் ஏதோ ஒரு விளையாட்டில் வீரனுக்கு வாளும் வைரமும் வாங்குவதற்காக, பன்னிரண்டு வயது மகன் பத்து முறை பொத்தானை அழுத்தியிருக்கிறான். “இலவசம்” என்று சொல்லி உள்ளே அழைத்த விளையாட்டு அது! அன்று நான் அவனை அடித்துவிட்டேன். அதுவே முதல் முறை. அவ்வாண்டு நாங்கள் ஊருக்குப் போகவில்லை. பணம் போனதை மறந்துவிட்டேன். ஆனால் அவன் மூன்று வாரங்கள் என் முகத்தைப் பார்த்துப் பேசாதிருந்ததை இன்னும் மறக்க இயலவில்லை.

விளையாடாதே என்று குழந்தையிடம் சொல்வது எளிது. அதற்கு மாற்றாக ஒன்றைக் கொடுப்பது தந்தையின் கடமை அல்லவா? என்ன செய்யலாம் என்று ஊரிலிருக்கும் என் தமக்கை மகனைத் தொலைபேசியில் கேட்டேன். தமிழ்நாட்டு அரசு 2011ஆம் ஆண்டில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், பள்ளி நாளில் ஒரு கணினியைப் பெற்றவன் அவன். “மாமா, அது இங்கே சும்மாதான் கிடக்கிறது, அனுப்பி வைக்கிறேன். ‘சூப்பர்டக்ஸ்’ என்று ஒரு விளையாட்டு இருக்கிறது, அதைப் போட்டுக் கொடுங்கள்” என்றான். லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை அதில் புதிதாக நிறுவி, கப்பலில் வந்த நண்பர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினான்.

லினக்ஸ் என்பது யாது? பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் உலகுக்கு அளித்த இயங்குதளத்தின் கரு. அதன் சின்னம் பென்குவின் பறவை, பெயர் டக்ஸ். அந்தப் பென்குவினையே தலைவனாக்கி, பில் கெண்ட்ரிக் என்னும் அமெரிக்கர் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் சூப்பர்டக்ஸைத் தொடங்கினார். பின்னர்ப் பல நாட்டுத் தொண்டர்கள் சேர்ந்து அதை வளர்த்து வருகிறார்கள். ஜப்பானிய நிறுவனமாகிய நின்டெண்டோ 1985ஆம் ஆண்டில் வெளியிட்ட சூப்பர் மாரியோவை என் வயதினர் அறிவர். ஓடியும் தாவியும் முன்னேறும் அதே வகை விளையாட்டுதான் இதுவும்.

எங்கள் வீட்டில் இணைய இணைப்பு இல்லை. நண்பர் வீட்டிற்குச் சென்று, சூப்பர்டக்ஸின் அதிகாரப்பூர்வமான தளத்திலிருந்து அதைப் பென்டிரைவில் இறக்கிக்கொண்டு வந்தேன். ஒரு செய்தியை இவ்விடத்தில் நினைவூட்ட விரும்புகிறேன். செயற்கைக்கோளை நம்பி ஒரு கடிதம் திறப்பதற்கே நாம் காத்திருந்த காலம் உண்டு. சென்னையிலிருந்து கடலடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்திற்கு இட்ட கண்ணாடி இழை வடம் 2020 ஆகஸ்ட் 10ஆம் நாள் திறக்கப்பெற்ற பின்னரே நம் நிலை மாறியது. கையளவு பென்டிரைவில் ஒரு விளையாட்டைக் கொண்டுவருவது இன்று சில நிமிட வேலை.

வீட்டுக்கு வந்து கோப்பைக் கணினியில் படியெடுத்து, அதன்மேல் இருமுறை தட்டினேன். திறக்கவில்லை. மீண்டும் தட்டினேன். அசையவில்லை. அரை மணி நேரம் போராடினேன். அதுவரை மூலையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்த மகன் மெல்ல எழுந்து வந்தான். வலப்புறப் பொத்தானை அழுத்தி, கோப்பின் பண்புகளைத் திறந்து, அனுமதி என்னும் பகுதியில், “இதை நிரலாக இயக்க அனுமதி” என்ற கட்டத்தில் குறியிட்டான். உடனே திறந்துகொண்டது! உரிமையாளன் இசைவு தராமல் எந்தக் கோப்பும் தானாக இயங்கிவிடக் கூடாது என்பது லினக்ஸின் ஏற்பாடு. சீட்டு கையிலிருந்தும் பெட்டியின் கதவைத் திறக்காமலே வண்டி ஏற முயன்றவனைப் போல நான் நின்றிருக்கிறேன். “இப்படித்தான் அப்பா” என்றான் மகன். மூன்று வாரங்களுக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதற்சொல் அது.

விளையாட்டு எளியது. அம்புக்குறி விசைகள் நடத்துவிக்கும். நீண்ட இடைவெளி விசை தாவச் செய்யும். டக்ஸின் தோழி பென்னியை நோலோக் என்னும் கொடியவன் கவர்ந்து செல்கிறான். அவளை மீட்கப் பனித்தீவைக் கடந்து போகவேண்டும். எதிரே வரும் பனிப்பந்துகளின் தலையில் குதித்தால் அவை நசுங்கும். பனிக்கட்டியை ஓட்டாகக் கொண்ட பகைவனை மிதித்து, அவனையே தூக்கிப் பிற பகைவர்மீது எறியலாம். மே மாதப் புழுக்கத்தில், மின்விசிறியின் கீழ், பனியையே கண்டறியாத நாங்கள் இருவரும் பனித்தீவில் ஓடினோம். தந்தை பதினோரு முறை பள்ளத்தில் விழுந்தான், மகன் சிரித்தான்.

சிறிது நேரத்தில் அவன் சிரிப்பை நிறுத்தி, “இதில் எந்த இடத்தில் பணம் கட்டச் சொல்வார்கள், அப்பா?” என்று கேட்டான். அக்கேள்வி என் நெஞ்சைச் சுட்டது. எவ்விடத்திலும் இல்லை என்றேன். தவறி விழுந்தால் விளையாட்டில் சேர்த்த நாணயங்களிற் சில குறையும். வீட்டுப் பணம் ஒரு காசும் குறையாது.

காசுக்கேற்ற தோசைதானே, இலவசப் பொருளில் தரம் இருக்குமா என்று நீங்கள் ஐயுறலாம். எங்கள் குடியிருப்பிலும் ஒருவர் வேறொரு ஐயத்தை எழுப்பினார். மகன் அப்பென்டிரைவை அவர் பிள்ளைகளுக்குக் கொடுத்தபோது, “பிறர் பொருளைப் படியெடுப்பது திருட்டு ஆகாதா?” என்றார். நேர்மையான கேள்வி! விலைக்கு விற்கும் மென்பொருளை உரிமையின்றிப் படியெடுத்தல் குற்றமே. சூப்பர்டக்ஸின் உரிமம் வேறு. ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர் 1983ஆம் ஆண்டில் தொடங்கிய இயக்கத்திலிருந்து பிறந்த குனூ பொது உரிமத்தின்கீழ் அது வழங்குகிறது. எந்த நோக்கத்திற்கும் பயன்படுத்தலாம். உள்ளே எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்று படித்தறியலாம். பிறருக்குப் படியெடுத்துக் கொடுக்கலாம். திருத்தியமைத்து, அதே உரிமத்தோடு வெளியிடலாம். இந்நான்கு உரிமைகளே இதன் செல்வம். முன்பு நம்மை ஏமாற்றியதும் விலையின்றி வந்தது. இதுவும் விலையின்றி வந்தது. அது நம்மை வாடிக்கையாளராக எண்ணிற்று. இது நம்மைப் பங்காளியாக ஏற்கிறது. வேறுபாடு இதுவே.

பங்காளி என்பது வெறும் சொல் அன்று. அவ்விளையாட்டிலேயே புதுக் களங்களை வரையும் கருவி ஒன்றும் அடங்கியுள்ளது. இரண்டு திங்களுக்குப் பின் மகன் தானே ஒரு களம் அமைத்துக் காட்டினான். நீருக்கு நடுவே சின்னஞ்சிறு தீவுகள். ஒன்றிலிருந்து ஒன்றிற்குத் தாவிப் போகவேண்டும். இறுதியில் ஒரு பனிவீடு. “இது என்ன ஊர்?” என்றேன். “பாட்டி வீடு” என்றான். சென்ற ஆண்டு எதை இழந்தோம் என்பதை அவன் அறிந்தே இருந்தான். அதற்குமேல் நான் அவனுக்கு அறிவுரை கூற வேண்டியிருக்கவில்லை.

தாய்மார்களே! இதுவும் விளையாட்டே, காலத்தை விழுங்கும் ஆற்றல் இதற்கும் உண்டு. எங்கள் வீட்டில் நாளொன்றுக்கு முக்கால் மணி என்று வரையறை செய்திருக்கிறோம். நிறுவிய பின் விளையாடுவதற்கு இணையம் தேவையில்லை. ஆதலால் முன்பின் அறியாதார் எவரும் பிள்ளைகளோடு உரையாட வழியில்லை. இறக்கும்போது மட்டும் அதிகாரப்பூர்வமான தளத்தையோ, லினக்ஸின் மென்பொருள் களஞ்சியத்தையோ நாடுங்கள். விண்டோஸ் கணினிக்குரிய வடிவமும் அத்தளத்தில் உண்டு. மிக இளைய பிள்ளைகளுக்கு, அதே பில் கெண்ட்ரிக் தொடங்கிய டக்ஸ் பெயிண்ட் என்னும் ஓவியப் பலகை தமிழிலும் கிடைக்கிறது.

இரண்டு வடிவங்களையும் பென்டிரைவில் கொண்டுவந்திருக்கிறேன். நாடகம் முடிந்தபின் வேண்டுவோர் படியெடுத்துக்கொள்ளலாம். நிறுவுவதில் இடர்ப்பாடு நேர்ந்தால் என்னிடம் வரவேண்டா. அதோ, திரைக்குப் பக்கத்தில் நிற்கும் என் மகனைக் கேளுங்கள்.