கப்பலில் ஒரு கொலை, விடுதியில் ஒரு திருட்டு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



“சிமெண்ட் ஆலை அனுபவத்தைப் பேசுப்பா” என்றுதான் செயலாளர் அண்ணன் சொன்னார். நான் கப்பலைப் பற்றிப் பேசப் போகிறேன். பெரம்பலூரில் ஏது கப்பல் என்று சிரிக்காதீர்கள். காரை மண்ணிலும் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லிலும் கடல் உயிரிகளின் புதைபடிவங்கள் இன்றும் கிடைக்கின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இது கடல். தண்ணீர்தான் வற்றிப்போச்சு, நம் விடுதி கப்பல்தான். சுற்றிலும் பருத்திக்காடு, ஒரே மெஸ், ஒரே சாம்பார், இறங்க வழியில்லை.

சனிக்கிழமை இரவு ஒரு கம்ப்யூட்டர் முன்னால் பதினைந்து பேர் நெருக்கியடித்துப் படம் பார்ப்போம். எனக்குப் பிடித்தவை பழைய கப்பல் கொலைப் படங்கள். 1964-இல் வந்த ‘மர்டர் அஹாய்’ படத்தில் மார்கரெட் ரூதர்ஃபோர்டு என்ற எழுபது வயது தாண்டிய அம்மா, மாலுமி உடுப்போடு பயிற்சிக் கப்பலில் ஏறித் துப்பறிவார். 1978-இல் வந்த ‘டெத் ஆன் தி நைல்’ அகதா கிறிஸ்டியின் 1937 நாவல். நைல் நதிக் கப்பலில் பணக்காரப் புதுமணப்பெண் சுடப்படுகிறாள். பீட்டர் உஸ்தினோவ்தான் துப்பறியும் பாய்ரோ.

நம்மவர்களில் வீணை எஸ். பாலசந்தர் 1954-இல் பாட்டே இல்லாமல் ‘அந்த நாள்’ எடுத்தார். 1970-இல் வெளிவந்த அவருடைய ‘நடு இரவில்’ படத்தில் கப்பலுக்குப் பதில் ஒரு தீவு பங்களா. எதுவானால் என்ன, சுற்றிலும் தண்ணீர்!

இவை மகா காவியங்கள் இல்லை. பாதிப் படம் உட்கார்ந்து பேச்சுதான். பிணம் விழுந்த பிறகும் வேளைக்குச் சாப்பாடு நடக்கும். ஆனால் அதில் ஒரு நியாயம் உண்டு. யாரும் இறங்கிப் போக முடியாது என்பதால் எல்லோரையும் கேட்டாக வேண்டும். சந்தேகம் ஒருவர் மேலேயே நிற்காது. வரிசையாக எல்லோர் மேலும் வந்து போகும். கடைசியில் அத்தனை பேரையும் கூட்டி வைத்துத்தான் உண்மையைச் சொல்வார்கள்.

2008-இல் நாங்கள் ‘டெத் ஆன் தி நைல்’ பார்த்த இரவில் தேர்வுக் கட்டணப் பணம் காணாமல் போயிற்று. பணம் என்னுடையது. படம் முடியுமுன் எழுந்து போனவன் ஒருவன். வீட்டில் வசதி இல்லாதவன். அவ்வளவுதான், முடிவு கட்டிவிட்டோம். பாய்ரோ எல்லோரையும் விசாரித்ததற்குக் கைதட்டிய நாங்கள், அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மெஸ்ஸில் பக்கத்தில் உட்காருவதை நிறுத்தினோம். அந்த வாரம் ஊருக்குப் போனவன் திரும்பி வரவே இல்லை.

செமஸ்டர் முடிந்து அறையைக் காலி செய்தபோது, என் ரெக்கார்டு நோட்டின் அட்டைக்குள்ளிருந்து பணம் விழுந்தது. நானே வைத்து மறந்தது. வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. இன்றுதான் சொல்கிறேன்.

ஆலையில் கில்ன் நின்றுபோனால் ஷிப்டில் இருந்த ஒவ்வொருவரையும் கேட்காமல் காரணம் எழுத மாட்டோம். ஒரு பேரிங்குக்குக் கொடுக்கும் மரியாதையைக்கூட அவனுக்கு நான் கொடுக்கவில்லை.

போன ஆடியில் அவனைத் தேடிப் போனேன். லேத் பட்டறை வைத்திருக்கிறான். டீ வாங்கிக் கொடுத்தான். “அன்னிக்கு ஏன்டா பாதியில எழுந்து போன?” என்றேன். “தலைவலிடா. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே” என்றான்.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். படிப்பை முடித்தவர்கள் பெயர்தான் நம் பட்டியலில் இருக்கிறது. அடுத்த மலரில் அவன் பெயரும் இருக்க வேண்டும். வர அவன் சம்மதித்தால், எங்கள் வரிசையில் என் பக்கத்து நாற்காலி அவனுக்கு.