கூடையோடு ஏறும் உரிமை

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதிலிருந்து)



இன்னைக்கு நாம மனசாலேயே ஒரு மலை நகரத்தைச் சுற்றி வருவோம். தென் அமெரிக்காவில் பொலிவியா நாட்டிலுள்ள லா பாஸ். நம்ம ஊட்டி 2,240 மீட்டர் உயரம். இது சுமார் 3,600 மீட்டர். நகரம் ஒரு பெரிய கிண்ணம் மாதிரி. மேலே போகப்போகக் குளிரும், மூச்சு வாங்கும். அதனால் வசதியானவர்கள் கிண்ணத்தின் அடியில், ஏழைகள் மேலே. விளிம்பில் எல் ஆல்ட்டோ என்ற தனி ஊரே இருக்கிறது. அங்குள்ளவர்கள் வேலைக்கும் வியாபாரத்துக்கும் கீழே இறங்கியாகணும். முன்பெல்லாம் வளைந்து வளைந்து போகும் ரோட்டில், நெரிசலில், மினி பஸ்தான் கதி.

2014-இல் அங்கே அரசு ரோப் கார் விட்டது. பழனியில் பார்த்திருப்பீர்கள். ஆனால் இது ஊருக்கே டவுன் பஸ் மாதிரி. இப்போது 10 தடங்கள், 30 கிலோமீட்டருக்கு மேல். ஒரு பெட்டியில் 10 பேர் உட்காரலாம். தடங்களுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறத்தில்தான் பெயர். எழுதப் படிக்கத் தெரியாதவரும் நிறம் பார்த்து ஏறிடலாம். பழைய ரயில் நிலையத்தில் சிவப்புத் தடத்தில் ஏறினால், பத்தே நிமிடத்தில் எல் ஆல்ட்டோ. வியாழனும் ஞாயிறும் அங்கே பெரிய சந்தை.

பெட்டியில் நம் எதிரே யார்? கொசுவம் வைத்த பாவாடை, தலையில் வட்டத் தொப்பி, முதுகில் கட்டிய வண்ணத்துணிக்குள் பிள்ளையோ சரக்கோ. அய்மாரா இனப் பெண்கள்.

இவர்கள் இப்படி உட்கார்ந்து போவது சும்மா வந்ததில்லை. 1935-இல் லா பாஸில் டிராம் ஓடியது. பாவாடை கட்டிய பெண்கள் கூடையோடு அதில் ஏறக்கூடாதென்று நகராட்சி உத்தரவு போட்டது. கூடை உரசி சீமாட்டிகளின் உடுப்பு கெடுகிறதாம்! அந்த வீடுகளுக்குச் சந்தையில் வாங்கி வந்து சமைத்துப் போட்டதே இந்தப் பெண்கள்தான். அவர்கள் சமையல் தொழிலாளர் சங்கம் அமைத்தார்கள். பெட்ரோனிலா இன்ஃபான்டெஸ் என்ற சமையல்காரப் பெண் அதன் தலைவிகளில் ஒருவர். கூட்டமாகப் போய் நியாயம் கேட்டார்கள். உத்தரவு ரத்தானது.

சகோதரிகளே, வண்டி வந்தால் மட்டும் போதாது. சுமையோடு, மரியாதையோடு ஏற முடியணும். பூக்கூடை, காய்மூட்டையோடு ஏறும்போது நம்மை யாராவது இறக்கிவிட்டார்களா? அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள், தீர்மான நோட்டில் எழுதுங்கள், கிராம சபைக்குக் கொண்டு போவோம். ஒருத்தி கேட்டால் வாய்ச்சண்டை என்பார்கள். குழுவே கையெழுத்துப் போட்டுக் கேட்டால் அது மனு.