கருவிலேயே கண்டறிவோம்! குழந்தையின் சிறுநீரகம் காப்போம்!

(பழவேற்காட்டில் கர்ப்பிணித் தாய்மார்களுக்காக நடந்த கூட்டத்தில் பெண் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் சுருக்கம்)

  

நான் நீண்ட நேரம் பேசப் போவதில்லை. ஒரு காகிதத்தைப் பற்றி மட்டும் பேச வந்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஏரிக்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய், ஒன்றரை வயது மகனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். அடிக்கடி காய்ச்சல். எடை ஏறவில்லை. சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது. சோதித்துப் பார்த்தபோது இரண்டு சிறுநீரகங்களும் பெரிதும் கெட்டுப்போயிருந்தன. "கர்ப்பமாக இருந்தபோது ஸ்கேன் எடுத்தாயா அம்மா?" என்று கேட்டேன். பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். ஐந்தாம் மாத ஸ்கேன். இரு சிறுநீரகங்களிலும் நீர் தேங்கியிருக்கிறது, மீண்டும் பார்க்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. "பிள்ளை உயிரோட நல்லா இருக்குன்னாங்க டாக்டரம்மா. அதான் பெட்டியில வச்சிட்டேன்" என்றார்.

அந்தத் தாய் மீது குற்றமில்லை. எழுதியதைத் தாய்மொழியில் எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் போனதுதான் குற்றம்.

வயிற்றில் இருக்கும் பிள்ளை சிறுநீர் கழிக்குமா என்று கேட்பீர்கள். கழிக்கும். நான்காம் மாதத்துக்குப் பிறகு பனிக்குட நீரில் பெரும்பகுதி அந்தச் சிறுநீர்தான். அந்த நீர் இருந்தால்தான் பிள்ளையின் நுரையீரல் வளரும். இரண்டு சிறுநீரகங்களும் உருவாகாமல் போனாலோ, பாதை முழுதும் அடைபட்டாலோ நீர் வற்றும், நுரையீரலும் வளராது. ஆகவேதான் "தண்ணீர் குறைவு" என்று டாக்டர் சொன்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்களுக்கு இதை விளக்குவது எளிது. நம் ஏரியின் முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டால் மழைத் தண்ணீர் எங்கே போகும்? கடலுக்குப் போக வழியில்லாமல் பின்னாலே ஏறும். அப்படித்தான் சில ஆண் குழந்தைகளுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாயில் மெல்லிய சவ்வு ஒன்று குறுக்கே வளர்ந்து வழியை மறிக்கிறது. சிறுநீர்ப்பை தடிக்கிறது. நீர் பின்வாங்கிச் சிறுநீரகங்களை வீங்க வைத்து அரிக்கிறது. அந்த மகனுக்கு வந்தது இதுதான்.

அதற்காக வீக்கம் என்றதும் நடுங்க வேண்டாம். ஏறத்தாழ 100 கர்ப்பங்களில் ஒன்றில் இந்த வீக்கம் தெரிகிறது. பெரும்பாலானவை தாமாகவே சரியாகிவிடும். ஒரு சிறுநீரகத்தோடு மட்டும் பிறந்து முழு ஆயுளும் வாழ்கிறவர்களும் உண்டு. எது தானே சரியாகும், எது கெடுக்கும் என்பதைத் தொடர்ந்து பார்த்தால்தான் பிரித்தறிய முடியும்.

1970-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி மருத்துவர்கள், கருவிலிருக்கும் குழந்தையின் சிறுநீரகக் கோளாறை ஸ்கேன் மூலம் கண்டறிந்து எழுதினார்கள். 1981-ல் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவில் மைக்கேல் ஹாரிசன் குழுவினர் தாயின் கருப்பையைத் திறந்து, அடைப்புள்ள குழந்தைக்கு அறுவை செய்தார்கள். ஆனால் சிறுநீரகங்கள் அதற்கு முன்பே கெட்டிருந்ததால் அந்தக் குழந்தை பிழைக்கவில்லை. எவ்வளவு பெரிய கைத்திறனும் காலம் கடந்தால் பயன்படாது என்பதே இதில் நாம் கற்கும் பாடம்.

செய்ய வேண்டியவை என்ன? 18 முதல் 20 வாரத்துக்குள் ஸ்கேன் எடுங்கள். வீக்கம் இருந்தால் ஏழாம், எட்டாம் மாதத்தில் மறுபடியும் எடுங்கள். பிரசவத்துக்குப் போகும்போது அந்தக் காகிதத்தைக் கையில் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். பிறந்து முதல் இரண்டு நாள் குழந்தைக்குச் சிறுநீர் குறைவு. வீக்கம் மறைந்து தெரியும். ஆகவே இரண்டு நாள் கழித்துக் குழந்தைக்கு ஸ்கேன் எடுப்பது வழக்கம். ஆனால் ஆண் குழந்தைக்கு இரு பக்கமும் வீக்கம், பை தடிப்பு என்றால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. குழாய் வைத்துச் சிறுநீரை வடிய விட்டு, பிறகு வயிற்றைக் கிழிக்காமலே நுண்கருவியால் சவ்வை நீக்கிவிடுகிறார்கள். அதன் பின்னும் ஆண்டுக்கணக்கில் கவனிப்பு வேண்டும்.

இன்னொன்று. ஸ்கேன் அறையில் "ஆணா, பெண்ணா?" என்று கேட்காதீர்கள். 1994-ம் ஆண்டுச் சட்டப்படி அதைச் சொல்வது குற்றம். "சிறுநீரகம் இரண்டும் சரியா? சிறுநீர்ப்பை சரியா? தண்ணீர் போதுமா?" என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் பெறுவது உங்கள் உரிமை.

சொந்தத்தில் மணம் முடித்தவர்கள் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நீர்க்கட்டிகள் நிறைந்த சிறுநீரகத்தோடு குழந்தை பிறக்கும் ஒரு வகைப் பரம்பரை நோய் உண்டு. தாய் தந்தை இருவரும் அதன் கூறைச் சுமந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

செலவுக்கு அஞ்ச வேண்டாம். 2011 முதல் மத்திய அரசின் தாய் சேய் நலத் திட்டப்படி, அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் இலவசம். குழந்தைக்குச் சிகிச்சை வேண்டுமானால் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. பொன்னேரியில் ரயில் ஏறினால் சென்னை.

கடைசியாக, ஜமாஅத் பெரியோர்களுக்கும் குப்பத்துப் பஞ்சாயத்தாருக்கும் என் வேண்டுகோள். கடலுக்குப் போன கணவன் திரும்பும்வரை ஸ்கேனுக்குக் காத்திருக்கும் பெண்கள் இங்கே இருக்கிறார்கள். மாதம் ஒரு நாள் அவர்களுக்கு வண்டி ஏற்பாடு செய்யுங்கள். படித்த பிள்ளைகள் இருவரை அமர்த்தி, வந்த காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்ல வையுங்கள். புரியாததை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வரச் செய்யுங்கள்.

தாய்மார்களே! இன்று வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறந்து அந்தக் காகிதத்தை வெளியே எடுங்கள்.