சாயம் வெளுத்த கதை

ஒருவருடைய உண்மை இயல்பு வெளிப்பட்டுவிட்டால், 'அவருடைய சாயம் வெளுத்துப் போயிற்று' என்று சொல்வது தமிழர் வழக்கம். இத்தொடரை முதன்முதலில் ஆண்டவர் யாராயினும், சாயத் தொட்டியின் அருகே நின்று பழகியவராகவே இருந்திருக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். துணியில் நிறம் ஏற்றுவது எளிது. ஏற்றிய நிறத்தை அங்கேயே தங்க வைப்பதுதான் தொழில். திருவனந்தபுரத்தில் நெசவியல் மாணவர்களாக இருந்த நாளில், பட்டுக் கழுத்துத்துண்டுகளுக்குக் கையால் சாயமிட்டுத் திரை அச்சு வைக்கப் பயின்றபோது, இந்த உண்மையை நாங்கள் கற்றுக்கொண்ட வகையைச் சொல்ல விரும்புகிறோம். சொல்லப்போவதில் எங்களுக்குப் பெருமை தருவது குறைவு.

நாகர்கோயில் வழியாகத் திருவனந்தபுரத்துக்கு வரும் தமிழரின் கண்ணில் முதலில் படுவது அந்நாட்டு உடையின் வெண்மை. அரக்கும், மாம்பழ மஞ்சளும், மயில்கழுத்தும் கண்டு வளர்ந்த நமக்கு, திருநாளிலும் திருமணத்திலும் பெண்கள் வெள்ளையே உடுத்தி வருவது சற்று வியப்பாக இருக்கும். பழகிய பின்னர் அந்த வெண்மையும், அதன் ஓரத்தில் ஓடும் ஒற்றைப் பொன்வரியும் தம் அழகை உணர்த்திவிடும். அந்தப் பொன்வரியைக் கசவு என்பர். கசவுத்துணிக்குப் பேர்போன ஊர், நகரத்திலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பாலராமபுரம். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மாவின் பெயரால் அமைந்தது அது. அவருடைய திவான் உம்மிணித் தம்பியின் காலத்தில், அரண்மனைக்கு வேண்டிய மெல்லிய துணி நெய்வதற்காகத் தமிழகத்தின் தென்பகுதிகளிலிருந்து சாலியர் குடும்பங்கள் அங்கே அழைத்து வரப்பெற்றன. இருநூறு ஆண்டுகள் கடந்தும் சாலியர் தெருக்கள் அங்கே உள்ளன. முதியோர் நாவில் தமிழும் உள்ளது. பிற மாநிலங்களில் வாழும் தமிழன்பர்களே, உங்களுக்கு முன்னரே பிழைப்பை நாடி எல்லை கடந்தவர்கள் அவர்கள். ஆகவே, கேரளத்துக்கே உரியது என்று நாம் மதிக்கும் அந்த வெண்துணியின் பின்னே தமிழ்க் கைகள் இருந்தன.

இத்தகைய ஊரில் நாங்கள் வண்ணத்தைத் தேடிப் போனோம்.

பட்டு, பட்டுப்பூச்சியின் கூட்டிலிருந்து வரும்போது பளபளப்பாக இருப்பதில்லை. அதன் இழையைச் சுற்றி ஒருவகைப் பசை போர்த்தியிருக்கும்; எடையில் ஏறத்தாழ கால் பங்கு அந்தப் பசைதான். சோப்பு நீரில், கொதிநிலைக்குச் சற்றுக் குறைந்த சூட்டில் இட்டு அதைக் கரைத்தெடுத்தால்தான் உள்ளிருக்கும் பட்டின் மினுமினுப்பு தெரியும். இதைச் சரியாகச் செய்யாவிட்டால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். பட்டு விலங்கினத்திலிருந்து வருவது. நம் தலைமயிரைப்போல அதுவும் புரதமே. புளிப்பேறிய நீரில் அது ஒருவகை மின்னேற்றம் கொள்ளுகிறது. அமிலச் சாயங்கள் எனப்படுபவை அதற்கு எதிரான மின்னேற்றம் உடையவை. ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஆகையால் தொட்டியில் சிறிது வினிகர் சேர்த்து, வெதுவெதுப்பில் தொடங்கி, மெல்லச் சூட்டை ஏற்றி, முக்கால் மணி நேரம் துணியைத் தொடர்ந்து புரட்டிக்கொண்டே இருக்கவேண்டும். தளதளவென்று கொதிக்கவிட்டால் பட்டின் ஒளி மங்கிவிடும்.

அளவு என்பது இத்தொழிலில் தராசின் வேலை; கண்ணின் வேலை அன்று. முக்கால் பாகத்துக்கு மேல் ஒரு மீட்டர் அளவுள்ள சதுரத் துண்டு, மெல்லிய பட்டானால் முப்பது கிராம்கூட இராது. நூற்றுக்கு ஒரு பங்கு சாயம் என்றால், வேண்டுவது கால் கிராமுக்குச் சற்றே அதிகம். சிட்டிகையால் அதை அளக்க முடியாது. ஒரு கிராம் சாயத்தை 100 மில்லிலிட்டர் நீரில் கரைத்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து 28 மில்லிலிட்டர் அளந்து ஊற்றுவதே முறை. எங்கள் ஆசிரியை இதை நாள்தோறும் சொன்னார். நாங்களும் தலையசைத்தோம். கைபழகிய பின் தராசு எதற்கு என்ற எண்ணம் மட்டும் எங்கள் உள்ளத்தில் இருந்தது.

இனித் திரை அச்சு. எங்களில் தமிழ்வீட்டுப் பிள்ளைகள் சிலர் இருந்ததால், கடுநீலப் பரப்பில் வெண்கோட்டுச் சிக்குக் கோலம் என்று வடிவம் முடிவாயிற்று. கோலத்தைத் தகட்டில் வெட்டி அச்சிட எண்ணிப் பாருங்கள். சாயம் இறங்கவேண்டிய நீலப் பகுதியை வெட்டி நீக்கிவிட்டால், வெண்கோடுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கும். ஆனால் ஒவ்வொரு வளைவின் நடுவிலும் தனித்திருக்கும் புள்ளி எதைப் பற்றிக்கொண்டு நிற்கும்? கீழே விழுந்துவிடும். ஜப்பானிய அச்சுக்காரர்கள் தங்கள் காகித அச்சுகளில் இந்த இடர்ப்பாட்டை நெடுங்காலத்துக்கு முன்பே கண்டு, மெல்லிய பட்டிழைகளைக் குறுக்கே ஒட்டி அத்தகைய தீவுகளைத் தாங்கச் செய்தார்கள். அந்த இழைகளுக்குப் பதிலாக முழு வலையையே சட்டத்தில் இழுத்துக் கட்டினால் அதுவே திரை. இங்கிலாந்தின் மாஞ்செஸ்டரில் சாமுவேல் சைமன் என்பவர் 1907-ஆம் ஆண்டில் பட்டுத்திரை அச்சுக்குக் காப்புரிமை பெற்றார். பிரான்சு நாட்டு எர்மே நிறுவனம் 1937-இல் தன் முதல் பட்டுக் கழுத்துத்துண்டை வெளியிட்டபின், செல்வச் சீமாட்டிகளின் அணியாகவும் இது உயர்ந்தது. எங்கள் திரை அத்தனை உயர்ந்தது அன்று. தச்சர் செய்த மரச் சட்டம். அதில் இழுத்துக் கட்டிய பாலியெஸ்டர் வலை.

வலையின்மேல் ஒளிக்கு இறுகும் பசையைத் தடவி, இருட்டறையில் உலர்த்தி, கோலம் வரைந்த தாளை வைத்து வெளிச்சம் காட்டவேண்டும். வெளிச்சம் பட்ட இடம் இறுகும். மை மறைத்த இடம் இளகியே இருந்து, நீர் பட்டதும் கரைந்து வழிவிடும். மேசையில் கம்பளி விரித்து, அதன்மேல் மெழுகுத்துணி போட்டு, அதில் பட்டைச் சுருக்கமின்றிப் பொருத்தி, திரையை இறக்கி, சாயக் கூழை ரப்பர் பட்டையால் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒரே அழுத்தமாக இழுக்கவேண்டும். கூழாக்குவதற்கு நாங்கள் பயன்படுத்தியது கொத்தவரை இனத்தைச் சேர்ந்த குவார் விதையின் பசை. அது இட்லி மாவுப் பதத்தில் இருக்கவேண்டும். நீர்த்தால் கோடு கசியும்; இறுகினால் வலை அடைத்துக்கொள்ளும். திரையைத் தூக்கும்போது, விடியற்காலையில் வாசலில் கோலம் தெளிந்து நிற்பதுபோல் நீலத்தில் வெண்கோடுகள் எழும். அந்தக் காட்சியில் நாங்கள் மயங்கியதில் வியப்பில்லை.

ஆனால் அப்போது சாயம் பட்டின்மேல் கிடக்கிறதே அன்றி, பட்டுக்குள் புகவில்லை. புகச் செய்வது நீராவி. அச்சிட்ட துண்டை வெள்ளைத் துணியில் சுருட்டி, ஒரு சொட்டு நீரும் படாமல், ஒரு மணி நேரம் ஆவியில் வைக்கவேண்டும். எங்களிடம் பெரிய ஆவிக்கலம் இல்லை. பெரிய இட்லிப் பானையில் வைத்தோம். அந்தப் பானையில் பிறகு இட்லி வைக்கவில்லை என்று உறுதி கூறுகிறோம்.

ஆடிக் கடைசியில் ஒரு சிறு கண்காட்சிக்கு நாள் குறித்துவிட்டார்கள். திருவனந்தபுரத்து மழையை அறியாதார் அறிய, அங்கே தென்மேற்குப் பருவமழை சூன் முதல் வாரத்திலேயே வந்து சேரும். ஐப்பசியில் இன்னொரு மழையும் உண்டு. அச்சிட்ட துண்டுகள் உலரவே இல்லை. நாள் நெருங்க நெருங்க, ஒரு மணி நேர ஆவியை இருபது நிமிடமாகக் குறைத்தோம். நீலம் கறுத்துப் பொலியவேண்டும் என்ற ஆசையால், கரண்டியால் கண்ணளவாகச் சாயம் கூட்டினோம். பட்டிழைக்கு ஒரு கொள்ளளவு உண்டு. அதற்குமேல் ஊற்றிய சாயம் வெளியே காத்துக்கிடக்கும். கடைசி அலசலையும் இரண்டு வாளியோடு நிறுத்திக்கொண்டோம். துண்டுகள் அத்தனையும் விற்றுப்போயின. அன்று எங்களைப்போல் மகிழ்ந்தவர் எவரும் இலர்.

அவற்றில் ஒன்றை வாங்கியவர், அந்தப் பகுதியில் எல்லோரும் டீச்சர் என்றே அழைக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. ஆவணியில் நடந்த ஒரு திருமணத்துக்கு, கசவு வைத்த வெள்ளை முண்டும் நேரியதும் உடுத்தி, அதன்மேல் எங்கள் கோலத் துண்டைப் போட்டுக்கொண்டு போனார். திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் நேரியதை மடித்து ஒரு பையில் வைத்து எங்களிடம் கொண்டுவந்தார். தோளிலிருந்து மார்பு வரை நீலம் வழிந்திருந்தது. அவர் கடிந்துகொள்ளவில்லை. 'மக்களே, இது போகுமா என்று பார்த்துச் சொல்லுங்கள்' என்று மட்டும் சொன்னார். அவருடைய தமையனார் இறப்பதற்கு முன் கடைசியாகக் கொடுத்த ஓணக்கோடி அது என்று, அவர் போன பிறகு பிறர் சொல்லக் கேட்டோம்.

அதை எடுத்துக்கொண்டு பாலராமபுரத்துக்குப் போனோம். விடியற்காலையில் தெருவிலேயே பாவை நீளக் கட்டி, கஞ்சி தோய்த்துக்கொண்டிருந்தார்கள். முதிய நெசவாளர் ஒருவர் துணியை விரித்து, விரலால் கசவைத் தடவிப் பார்த்தார். பிறகு தமிழிலேயே கேட்டார்: 'பிள்ளைகளே, இது பட்டுக்குப் போடுகிற சாயம்தானே? பருத்தி விட்டுவிடும். பட்டு விடாது.'

அவர் சொன்னதில் பாதி எங்களுக்குப் பாடத்தில் வந்திருந்தது. அமிலச் சாயத்துக்குப் பருத்தியிடம் பற்று இல்லை. வெதுவெதுப்பான சோப்பு நீரில் பொறுமையாக, தேய்க்காமல் திரும்பத் திரும்ப அலசியதில் வெண்துணி வெண்துணியாகவே மீண்டுவிட்டது. மறு பாதியை நாங்கள் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. அசல் கசவு என்பது பட்டு நூலின்மேல் பொன்முலாம் பூசிய வெள்ளித் தகட்டைச் சுற்றிச் செய்வது. வெளியே பொன், உள்ளே பட்டு. பொன்னின் இடுக்கு வழியே நுழைந்த நீலம் அந்தப் பட்டைக் கண்டு அங்கேயே தங்கிவிட்டது. ஒரு சாண் நீளத்துக்குக் கசவில் பச்சை நிழல் விழுந்திருந்தது. வெளுப்புக் காரம் போட்டால் நிழலோடு பொன்னும் போகும் என்று முதியவர் எச்சரித்தார். அவ்வளவோடு கொண்டுபோய்க் கொடுத்தோம். பணம் கொடுக்க முயன்றோம்; டீச்சர் வாங்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் பட்டறையில் தராசு மேசையின் நடுவுக்கு வந்தது. ஒவ்வொரு சாயத்திலும் சிறு மாதிரி எடுத்து, அதன் இருபுறமும் வெள்ளைப் பருத்தி ஒன்றும் வெள்ளைப் பட்டு ஒன்றும் சேர்த்துத் தைத்து, 40 பாகை சோப்பு நீரில் அரைமணி ஆட்டிப் பார்த்தோம். வெள்ளையில் ஏறிய கறையை 1 முதல் 5 வரை தரம் கொடுக்கும் சாம்பல் அளவுகோலோடு ஒப்பிடுவது உலகெங்கும் உள்ள முறை. 5 என்றால் கறையே இல்லை. கழுத்தில் அணிவது ஆகையால் வியர்வைச் சோதனையும் செய்தோம். திருவனந்தபுரத்து வெயிலில் அது வேண்டியதே.

இயற்கைச் சாயமாக இருந்தால் இத்தொல்லை இல்லையே என்று சிலர் கேட்டார்கள். பாலராமபுரத்தில் மூலிகைச் சாயமிட்ட துணிகள் ஆயுர்வஸ்திரம் என்ற பெயரில் செய்யப்படுவதால் அவர்கள் கேட்டதில் நியாயம் உண்டு. கேரளத்து உணவுச்சாலைகளில் இளஞ்சிவப்பாகக் குடிநீர் வைப்பார்களே, அந்தப் பதிமுகக் கட்டையைப் படிக்காரத்தோடு சேர்த்து நாங்களும் பட்டில் ஏற்றினோம். உள்ளம் கொள்ளை கொள்ளும் சிவப்பு. சன்னலருகே சில வாரம் தொங்கவிட்டதும் சோர்ந்துவிட்டது. மஞ்சளோ அதனினும் விரைவில் வெளிறியது. மூலிகையோ செயற்கையோ, சோதித்துப் பார்க்காமல் விற்பது தவறு என்பதே எங்கள் முடிவு. செயற்கையில் வேறோர் எச்சரிக்கையும் உண்டு. உடலுக்குத் தீங்கு செய்யும் அமீன்களை வெளிவிடும் அசோ சாயங்களை நம் அரசு 1990-களில் தடை செய்தது. சாயக் கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாடும், அதன் பொருட்டு உயர்நீதிமன்றம் 2011-இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் நீங்கள் அறிந்ததே. எங்கள் வாளிகள் சிறியவை. ஆயினும் தராசில் அளந்து போட்டபோது அலசும் நீரில் நிறம் வெகுவாகக் குறைந்தது. முன்பு சாக்கடைக்குப் போனதெல்லாம் நாங்கள் கண்ணளவாகக் கூட்டிய சாயமே.

அடுத்த ஆண்டுக் கண்காட்சியில் பதினொரு துண்டுகளே வைத்தோம். முன்னைய ஆண்டில் நாற்பது. டீச்சர் வந்தார். ஒரு துண்டை எடுத்து, எங்கள் கண்ணெதிரிலேயே குவளை நீரில் அதன் மூலையை நனைத்து, தம் வெள்ளைக் கைக்குட்டையில் வைத்து அழுத்திப் பிழிந்து, சன்னல் வெளிச்சத்தில் கைக்குட்டையைத் தூக்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு விலை என்ன என்று கேட்டார். அன்று அவர் உடுத்தியிருந்தது அதே நேரியது. பச்சை நிழல் விழுந்த பக்கத்தை உள்ளே மடித்துக் குத்தியிருந்தார்.